டொய்ட்: துட்டுக்கு உடன்பிறந்த சொல்

ஆங்கிலத்தில் 'டொய்ட்' என்று ஒரு சொல் உண்டு. பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டது. ஷேக்ஸ்பியரைப் படிப்பவர் கண்ணில் இன்னும் படும். 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் டிரிங்குலோ பொருமுகிறான்: கால் ஊனமுற்ற பிச்சைக்காரனுக்கு ஒரு டொய்ட் போடாதவர்கள், செத்த இந்தியனை வேடிக்கை பார்க்கப் பத்து டொய்ட் கொடுப்பார்களாம். (இந்தியன் என்றது அமெரிக்கப் பழங்குடியை.) மிக அற்பமான தொகை என்பதே பொருள்.

சொல் பிறந்தது டச்சு மொழியில். அங்கே அது 'டெய்ட்', ஒரு செப்புக்காசு. எட்டு டெய்ட் ஒரு ஸ்டைவர், 20 ஸ்டைவர் ஒரு கில்டர். அதாவது கில்டருக்கு 160. 1816-இல் கில்டரை 100 சென்ட்டாக வகுத்த பிறகு காசு வழக்கொழிந்தது. சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது. நாலு பேர் பேசும் இடத்தில் ஒருவர் தன் கருத்தையும் சொன்னால், 'பைக்குள் ஒரு டெய்ட் போட்டார்' என்பார்கள் டச்சுக்காரர்கள். தேவாலயத்தில் காணிக்கைக்குச் சுற்றிவருமே, அந்தப் பை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1726 முதல் ஆசியாவில் புழங்குவதற்கென்றே இந்தக் காசைத் தனியாக அடிக்கச் செய்தது. ஒரு பக்கம் அதை அடித்த டச்சு மாகாணத்தின் கேடயச் சின்னம். மறுபக்கம் பெரிய 'வி' எழுத்து, அதன் இரு கைகளிலும் கோத்தாற்போல் 'ஓ'வும் 'சி'யும் (கம்பெனியின் டச்சுப் பெயரின் முதலெழுத்துகள்), அடியில் ஆண்டு. பழவேற்காடு முன்பே அவர்கள் வசம். யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் 1658-இல் வந்து சேர்ந்தன. நம் 'துட்டு' அந்தக் காசின் பெயர்தான். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பணத்துக்கே பேச்சுவழக்கில் 'டூயிட்' என்று பெயர்.

ஆங்கிலத்தில் ஒன்றுமில்லாததைக் குறித்த சொல், தமிழிலும் மலாயிலும் மொத்தப் பணத்தையும் குறிக்கலாயிற்று. மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டிய இடம் இது. டொய்டைத் துட்டு என்றே எழுதினால் வேர் சரியாக இருக்கும், பொருள் கெட்டுவிடும். 'துட்டு இருக்கிறவன்' என்றால் நமக்குப் பணக்காரன் அல்லவா? நாணயத்தைச் சொல்லும்போது 'செப்புக்காசு' போதும். 'ஒரு டொய்ட் பெறாது' என்ற வழக்குக்கு 'சல்லிக்காசு பெறாது' என்பதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. எழுத்துநடையில் துட்டுக்குப் பதிலாகக் காசு, பணம் இரண்டும் இருக்கின்றன; பேச்சில் துட்டு துட்டாகவே இருக்கட்டும்.