மனசுல எட்டு, கையில நாலு

ஒரு வெள்ளைத்தாளில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். இடது நுனியில் 0, வலது நுனியில் 100. நடுவில் எதுவும் எழுத வேண்டாம். ஒன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, "இதில் 10 எங்கே வரும், காட்டு" என்று கேளுங்கள். என் மகள் கோட்டில் கால் பங்கைத் தாண்டி விரல் வைத்தாள். 20 கிட்டத்தட்ட பாதிக்கே போய்விட்டது. 60, 75, 90 எல்லாம் வலது ஓரத்தில் தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பேருந்தில் போல நெருக்கியடித்து நின்றன.

இத்தனைக்கும் நூறு வரை தடங்கலில்லாமல் சொல்வாள். அது பாட்டு மாதிரி மனப்பாடம். 75 என்பது எவ்வளவு பெரியது, 20-இலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது வேறு அறிவு. ஒன்று வந்துவிட்டால் மற்றதும் வந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இந்தக் கோட்டுச் சோதனை உளவியலில் பழகிப்போன ஒன்று. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் ஜூலி பூத்தும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் சேர்ந்த புதிதில் இருக்கும் குழந்தைகள் சின்ன எண்களை விரித்தும் பெரிய எண்களை நெருக்கியும் வைத்தார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சம இடைவெளியில் வைத்தார்கள். ஒன்றாம் வகுப்பு இரண்டுக்கும் நடுவில். ஆக, என் மகள் செய்தது தப்பு இல்லை, வழியில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு தோசை சாப்பிட்டவனுக்கு இன்னொரு தோசை என்றால் அது இரட்டிப்பு. எழுபத்தோரு தோசையோடு இன்னொன்று சேர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? எண்ணப் பழகாத மூளை அளவுகளை இப்படி விகிதமாகத்தான் பார்க்கிறது. அமேசான் காட்டில் வாழும் முண்டுருக்கு மக்களின் மொழியில் ஐந்துக்கு மேல் துல்லியமான எண் பெயர்கள் கிடையாது. அவர்களில் பெரியவர்களும் கோட்டில் இப்படியே வைத்தார்கள் என்று 2008-இல் ஓர் ஆய்வு வந்தது.

சரி, சம இடைவெளி எப்படிப் பிள்ளையின் தலைக்குள் போகிறது? வீட்டில் எளிதாகச் செய்யக்கூடிய ஒரு வழி கட்டம் போட்ட விளையாட்டு. சீக்லரும் கீதா ரமணியும் நான்கு வயதுக் குழந்தைகளோடு 1 முதல் 10 வரை வரிசையாக எண் எழுதிய ஒரு பலகையை வைத்து விளையாடினார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். அவ்வளவுதான். கோட்டில் எண்களை வைப்பதில் அந்தக் குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள். எண்ணுக்குப் பதில் வெறும் வண்ணக் கட்டங்களில் விளையாடியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

காரணம் யோசித்தால் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. எண் பெரிதாகப் பெரிதாகக் காய் அதிக தூரம் போகிறது, கை அதிக தடவை நகர்கிறது, வாய் அதிக சொற்களைச் சொல்கிறது, நேரமும் அதிகம் ஆகிறது. "பெரிது" என்பதைக் கண், கை, காது எல்லாம் ஒரே சமயத்தில் சொல்கின்றன. நோட்டில் 1 முதல் 100 வரை பத்து தடவை எழுதச் சொன்னால் இது நடக்காது. அங்கே 10-உம் 90-உம் ஒரே அளவு பென்சில் வேலைதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காய் 8-இல் நிற்கிறது, தாயத்தில் நான்கு விழுகிறது. பிள்ளை என்ன சொல்லி நகர்த்துகிறது? பெரும்பாலும் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு". எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-இல் நூறு கட்டப் பலகையை வைத்து இதைத்தான் சோதித்தார்கள். காய் நகரும் கட்டத்தின் எண்ணைச் சொல்லி, அதாவது "ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு" என்று நகர்த்திய குழந்தைகள் எவ்வளவோ தேறினார்கள். அதே பலகையில் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணியவர்களிடம் முன்னேற்றம் மிகக் குறைவு. நியாயம்தான். எப்போதும் ஆறுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தால் கட்டத்தில் 67 என்று எழுதியிருப்பதைப் பிள்ளை ஏன் பார்க்கப்போகிறது?

கூட்டல் கணக்குக்கு நம் வகுப்பறைகளில் ஒரு பழைய வாசகம் உண்டு: "மனசுல எட்டு, கையில நாலு." எட்டை மனதில் வைத்துக்கொண்டு, நான்கு விரலை நீட்டி, ஒன்பதிலிருந்து தொடர்வது. சின்னப் பிள்ளைகளுக்கு மனதில் எட்டைப் பிடித்து வைப்பதுதான் கஷ்டம். விரலை எண்ணும்போது அது நழுவிவிடும், திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். பலகையில் அந்த எட்டைக் காயே பிடித்து வைத்திருக்கிறது. பிள்ளை பார்த்துக்கொள்ள வேண்டியது நான்கை மட்டும். அதற்கு விரல் விட்டால் விடட்டும். விரலைத் தட்டிவிடுகிற பெரியவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

எண்களைத் தமிழில் சொல்லி விளையாடுவதில் ஒரு லாபம் இருக்கிறது. "லெவன்", "ட்வெல்வ்" என்ற சொற்களில் பத்து எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. பதினொன்று, பதினைந்து என்று சொல்லும்போது பத்தின் சாயல் காதில் விழுகிறது. இருபது, முப்பது, நாற்பது எல்லாமே இத்தனை பத்து என்று சொல்லிக்கொண்டே வருகின்றன. தமிழும் ஓர் இடத்தில் காலை வாரும். எண்பத்தொன்பதுக்கு அப்புறம் பத்தை விட்டுவிட்டு நூறின் சாயலில் "தொண்ணூறு" என்கிறோம். என் மகள் அங்கே "ஒன்பது பத்து" என்றாள். தர்க்கம் அவள் பக்கம்.

கடையில் விற்கும் பாம்பு ஏணி அட்டையை அப்படியே எடுத்தால் இரண்டு சங்கடம். முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம் என்று வளைந்து வளைந்து போகும். அப்புறம், ஏணியில் ஏறினால் காய் எண்ணாமலே இருபது கட்டம் தாண்டிவிடும், படிப்படியான அந்த அனுபவம் அறுந்துபோகும். அதனால் முதலில் வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் 1 முதல் 20 வரை ஒரே நேர்கோட்டில் கட்டம் போட்டோம். காய்க்குப் பதில் அவளே நடந்தாள். நூறு கட்டத்துக்கு வந்தபோது எல்லா வரிசையும் இடமிருந்தே தொடங்கும்படி அட்டையில் நானே வரைந்தேன். பாம்பு வேண்டும் என்று அடம் பிடித்ததால் ஒரே ஒரு பாம்பு, அதுவும் குட்டை.

தாயக்கட்டை இருந்தால் ஒற்றைப் பகடையைவிட நல்லது என்பது என் எண்ணம். இரண்டு கட்டைகளின் புள்ளிகளைக் கூட்டித்தான் ஆக வேண்டும். மூன்றும் இரண்டும் விழுந்தால் முதலில் ஐந்து புள்ளியையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்த மாத்திரத்தில் "அஞ்சு" என்றாள்.

பாட்டியோடு விளையாடினால் நூறைத் தொடச் சரியான எண் விழ வேண்டும், அதிகம் விழுந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நேற்று 96-இல் மாட்டிக்கொண்டாள். ஐந்து விழுந்தது, ஆறு விழுந்தது, மறுபடி ஐந்து. "உனக்கு எத்தனை வேணும் கண்ணு?" என்று பாட்டி கேட்டதற்கு, பதில் சொல்லாமல் காய்க்கும் 100-க்கும் நடுவில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, கட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே "நாலு விழு, நாலு விழு" என்று கத்த ஆரம்பித்தாள். மூன்று விழுந்தது.