டைல்மேப்: சொல்லும் பொருளும்

பக்கவாட்டில் நகரும் பழைய பாணி கேம் செய்யக் கிளம்பும் எல்லாரும் டைல்மேப் என்றதும் ஏதோ வரைபடம் என்றே நினைக்கிறார்கள். அது படமே இல்லை, எண்களால் ஆன ஓர் அட்டவணை. எந்தக் கட்டத்தில் எத்தனையாம் எண் சதுரம் வரவேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். மணல், தண்ணீர், தூண் என்று வரைந்து வைத்த குட்டிச் சதுரங்கள் தனியாக இன்னொரு கோப்பில் கிடக்கும், அதற்குப் பெயர் டைல்செட்.

டைல் என்பது லத்தீன் 'டெகுலா'விலிருந்து வந்தது. கூரை ஓடு என்று பொருள், 'மூடு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. மேப் வந்தது 'மாப்பா' என்னும் துணியிலிருந்து. ஓடும் துணியும் சேர்ந்து எப்படி எண் அட்டவணை ஆயிற்று என்றால், காரணம் நினைவகத் தட்டுப்பாடு. 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ கேம் கருவியின் திரை 256-க்கு 240 புள்ளி (பிக்சல்). ஒரு திரையை முழுப் படமாக வைத்தால் 15,360 பைட் வேண்டும், ஆனால் அதில் படத்துக்கென்று இருந்த நினைவகமோ வெறும் 2 கிலோபைட். அதனால் திரையை 8-க்கு 8 புள்ளிச் சதுரங்களாக வெட்டி, 32-க்கு 30 கட்டத்தில் சதுரத்தின் எண்ணை மட்டும் வைத்தார்கள்: 960 பைட், நிறத்துக்கு இன்னொரு 64, அவ்வளவுதான். 1985-இல் வந்த சூப்பர் மாரியோவில் மேகமும் புதரும் ஒரே சதுரங்கள்தான், நிறம் மட்டும் வேறு. ஃபேமிகாமுக்கு கேம் எழுதுகிறவர்கள் இந்த அட்டவணையை 'நேம் டேபிள்' என்பார்கள், என்னைக் கேட்டால் அதுதான் நேர்மையான பெயர்.

நம்ம கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் தொடங்கி தனுஷ்கோடி வரை ஓடுகிற ஒரு கேம், நடுவில் 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலம். கட்டம் 16 புள்ளி என்றால் அதே 240 புள்ளித் திரையின் உயரத்துக்கு 15 கட்டம் வரும். வானம் 0, தண்டவாளம் 5, அதைத் தாங்கும் இரும்பு உத்தரமான கர்டர் 6, தூண் 7, கடல் 9 என்று வைத்தால் தூண் நிற்கிற ஒரு நிரல், அதாவது ஒரு செங்குத்து வரிசை, மேலிருந்து கீழாக இப்படி இருக்கும்:

0 0 0 0 0 0 0 0 5 6 7 7 9 9 9

தூண் இல்லாத நிரலில் அந்த இரண்டு 7 மட்டும் 0 ஆகிவிடும். தூண் ஒன்று, வெறும் நிரல் மூன்று, இதே நாலும் திரும்பத் திரும்ப வருவதால் 'இந்த 4 நிரல், 30 முறை' என்று எழுதினால் 1,800 எண் வேண்டிய இடத்தில் 60 எண்ணும் ஒரு எண்ணிக்கையும் போதும். கப்பல் வந்தால் தூக்குகிற நடுப்பகுதிக்கு மட்டும் தனி நிரல்கள் போட்டுக்கொள்ளலாம். நிரை நிரையாக, அதாவது கிடை வரிசைகளாக, அல்லாமல் நிரல் நிரலாக அடுக்குவதற்கும் காரணம் இருக்கிறது: ஆள் வலப்பக்கம் ஓட ஓடத் திரைக்குள் புதிதாக நுழைவது ஒரு நிரல்தான், அது ஒரே இடத்தில் தொடர்ந்து 15 எண்ணாக இருந்தால் சட்டென்று எடுத்துப் போட்டுவிடலாம்.

சரி, தமிழில்? 'ஓடு' ஆகாது, கேமில் ஓடு என்றால் ஓடத்தான் தோன்றும், அதுவும் இந்தப் பக்கம் நண்டுக்கும் ஆமைக்கும்கூட ஓடு உண்டு. 'வில்லை' பாடப்புத்தகத்தில் லென்சுக்குப் போய்விட்டது, 'சில்லு' கணினிச் சிப்புக்கு. மிஞ்சுவது 'பாவுகல்', தளம் பாவுகிற கல். வரிசையாகப் பதித்துக்கொண்டே போவது என்ற பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது. மேப்புக்கு 'வரைபடம்' வேண்டாம், 'அட்டவணை' என்றே சொல்லலாம். ஆக டைல்மேப் 'பாவுகல் அட்டவணை', டைல்செட் 'பாவுகல் தொகுப்பு', ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற அட்டவணைகளை லேயர் என்பார்கள், அதற்குத்தான் 'அடுக்கு' இருக்கவே இருக்கிறது. பேசும்போது டைல்மேப் என்றே சொல்லுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அப்புறம், நண்டையும் வள்ளத்தையும் இந்த அட்டவணைக்குள் போடாதீர்கள். நகர்கிற எதற்கும் 'எந்த வகை, எந்த நிரல், எந்த உயரம்' என்று தனிப் பட்டியல் வைத்து, நிரல் எண் வரிசையில் அடுக்கிவிடுங்கள்.