ஃப்ளூ ஊசிக்கு அலைவதற்கு முன்னால்

பாம்பன் பக்கம் கருவாடு விற்கும் ஒரு அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா கேட்கப் போன இடத்தில் “புதன்கிழமை வாங்க” என்றார்கள். புதன்கிழமை போனால் அது குழந்தைகளுக்கான ஊசி நாள். அடுத்த இடத்தில் ஆதார் நகலும் காப்பீட்டு அட்டையும் கேட்டார்கள். இரண்டையும் கொண்டுபோய் நீட்டியதும் “பெரிய ஆஸ்பத்திரியில கேளுங்க” என்றார்கள். பஸ் காசும் நாலு நாள் வியாபாரமும் போனதுதான் மிச்சம். “இந்த ஊசி உங்களுக்கு இங்கே இலவசமாகக் கிடைக்காதும்மா” என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருக்கலாம்.

அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. கர்ப்பிணிகள், வயதானவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் போட்டுக்கொள்வது நல்லது என்று அரசு சொல்கிறது. ஆனால் ‘நல்லது’ என்பது வேறு, ‘தருகிறோம்’ என்பது வேறு. அரசு ஊசியில் முன்னுரிமை சுகாதாரப் பணியாளர்களுக்கு. ஹஜ் பயணிகளில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அவர்களுக்கான முகாமில் போடுவார்கள். கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் வழியனுப்பப் போகும் சொந்தக்காரர்கள் அந்த முகாமை நம்பிப் போக வேண்டாம். மற்றவர்கள் அரசின் சுகாதார உதவி எண்ணான 104-க்கு போன் செய்து கேட்டுவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இதற்கு உதவாது. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. தனியாரில் ஊசிக்கு ஆயிரத்துக்கு மேல் ஆகும், அது கைக்காசுதான்.

குழந்தையின் தடுப்பூசி அட்டையில் வரும் ‘ஹிப்’ என்பதைப் பார்த்துவிட்டு, ஃப்ளூ ஊசி போட்டாயிற்று என்று நினைக்கும் தாய்மார்கள் நிறைய. ஃப்ளூவின் முழுப்பெயர் இன்ஃபுளுயன்சா; ஹிப் கிருமியின் பெயரிலும் அது வருவதால் இந்தக் குழப்பம். ஹிப் ஒரு பாக்டீரியா. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் அது சேர்ந்திருக்கிறது. ஃப்ளூ வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃப்ளூ ஊசியை ஆறு மாதம் முடிந்த பிறகுதான் போட முடியும்.

காசு கொடுத்துப் போடுகிறவர்கள் ஏமாறுவது, அது எந்த வருடத்து ஊசி என்பதில்தான். ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கும். அதனால் எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை அறிவிக்கிறது. பிப்ரவரியில் சொல்வது வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் சொல்வது தென் அரைக்கோளத்துக்கு. பெரும்பாலும் கோழி முட்டையில் வைரஸை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள் என்பதால், கடைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும். நம் ஊரில் ஃப்ளூ தலைதூக்குவது ஐப்பசி, கார்த்திகை மழையோடு. ஊசி வேலை செய்யவே இரண்டு வாரம் வேண்டும். ஆகவே புது வட அரைக்கோள ஊசி வந்ததும், செப்டம்பரில் போட்டுக்கொள்வது சரி. மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கை ஓய்வாக இருக்கிறது என்று ஏப்ரல், மே மாதத்தில் போட்டால், மழை வருவதற்குள் அதன் காப்பு குறையத் தொடங்கிவிடும்.

பெட்டியை வாங்கிப் பாருங்கள். எந்த வருடம், எந்த அரைக்கோளம், காலாவதித் தேதி மூன்றும் அதில் இருக்கும். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ‘நாலு வகைக்கும் சேர்த்து’ என்று கூடுதல் விலை சொன்னாலும் மயங்க வேண்டாம். அந்த நாலாவது வகையான பி-யமகட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. மூன்று வகை ஊசி போதும்.

ராமநாதபுரத்தில் வாங்கி ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் வீடுகளில் மீன் ஐஸ் பெட்டி இருக்கிறதே என்று மருந்தை ஐஸுக்குள் புதைத்தால் அது உறைந்து கெட்டுவிடும். உறைந்ததை உருக்கிப் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். மருந்து இருக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்வதுதான் நல்லது.

ஊசி போட வசதியில்லாதவர்கள் இதையாவது விட்டுவிடக் கூடாது. ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். காய்ச்சலும் இருமலும் வந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். கர்ப்பிணி, 65 வயதைக் கடந்தவர், சர்க்கரை, இதய, சிறுநீரக நோயாளி என்றால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மாத்திரையைத் தொடங்கலாம் என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. இவர்களை அது ‘பி’ பிரிவில் வைத்திருக்கிறது. “ரிசல்ட் வரட்டும்” என்று திருப்பி அனுப்பினால், நோயாளியின் சர்க்கரை நோட்டைக் காட்டி, “இவங்க ‘பி’ பிரிவுல வர்றவங்க டாக்டர், மாத்திரையை இன்னைக்கே எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள். சத்தம் போட வேண்டாம், நகரவும் வேண்டாம். கொடுக்கவில்லையென்றால் காரணத்தை ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்ன பிறகு மாத்திரை வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், நகம் நீலம் பாரித்தால், குழந்தை பால் குடிக்காமல் சுருண்டு கிடந்தால் வரிசையில் நிற்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.