காவல் நாய்க்கு மூர்க்கம் பழக்காதீர்கள்

"டாக்டர், இவன் யாரையும் கிட்ட விடக் கூடாது. அதனாலதான் வெளியாள் கண்ணுல காட்டாம வளர்க்கிறோம்." ராட்வீலர், கேன் கோர்சோ குட்டிகளைத் தடுப்பூசிக்குத் தூக்கிவருபவர்களில் பலர் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 12 முதல் 14 வாரம் வரைதான் குட்டிகள் புது முகங்களையும் புதுச் சத்தங்களையும் எளிதாக ஏற்றுக்கொள்ளும். குழந்தை, தாத்தா, குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர் என்று யாரையுமே அந்த வயதில் பார்க்காத குட்டிக்கு, வளர்ந்த பிறகு எல்லாருமே எதிரிதான். அதை வீரம் என்று நினைக்காதீர்கள், அது பயம். பயந்த நாய்க்குத் திருடனும் ஒன்றுதான், கூரியர் கொடுக்க வந்த பையனும் ஒன்றுதான். தடுப்பூசி முழுதாக முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பருவம் கைநழுவிவிடும். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும், தெருநாய்கள் புழங்காத இடங்களுக்குக் கையில் தூக்கிக்கொண்டாவது போய்வாருங்கள்.

காவல் குணம் இந்த இனங்களின் ரத்தத்திலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேட்டைக்காட்டுக் காவலர்கள், திருட்டு வேட்டைக்காரனைக் குதறாமல் கீழே தள்ளி அமுக்கிப் பிடிப்பதற்கென்றே புல்மாஸ்டிஃப் என்ற நாயினத்தை உருவாக்கினார்கள். காங்கல், காக்கேசியன் ஷெப்பர்ட் இன நாய்கள் ஆட்டுமந்தையோடு நின்று, மேய்ப்பன் சொல்லாமலே முடிவெடுத்துப் பழகியவை. அவை ஜெர்மன் ஷெப்பர்டைப் போல உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதன்முதலாக நாய் வளர்ப்பவர்களுக்குக் காங்கலையும் காக்கேசியன் ஷெப்பர்டையும் நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

குட்டியில் பரமசாதுவாக இருந்தது ஒன்றரை வயதுக்கு மேல் மாறக்கூடும். பெரிய இனங்கள் மனதளவில் முதிர இரண்டு, மூன்று வருடம்கூட ஆகும்.

உறுமினால் அடிக்கும் பழக்கத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். சாப்பிடும் நாயின் அருகில் போகும்போது கவனியுங்கள். மெல்லுவது சட்டென்று நிற்கும், உடம்பு விறைக்கும், தலை அசையாமல் கண் மட்டும் உங்கள் பக்கம் திரும்பி வெள்ளை தெரியும். அதற்கப்புறம்தான் உறுமல். "தள்ளிப் போ" என்று அது மரியாதையாகச் சொல்கிறது. அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகப் பல் படும். எட்ட நின்றே, தட்டில் இருப்பதைவிட ருசியான இறைச்சித் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நாளடைவில் நீங்கள் வருவதே அதற்கு நல்ல சேதியாகிவிடும்.

நாயை மல்லாத்தி அமுக்கி "நான்தான் தலைவன்" என்று காட்டச் சொல்லும் பயிற்சியாளரிடம் விடாதீர்கள். கூண்டில் அடைத்த, ஒன்றுக்கொன்று அந்நியமான ஓநாய்களைப் பார்த்து எழுந்த எண்ணம் அது. அதைப் பரப்பிய நூலை 1970இல் எழுதிய டேவிட் மீச் என்ற ஓநாய் ஆய்வாளரே பிற்பாடு அதைத் திருத்திக்கொண்டார். அமைதியாக இருந்த நாய் திடீரென்று சீறினால், பயிற்சியாளருக்கு முன்னால் மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பு மூட்டு வலியோ காதுப் புண்ணோ காரணமாக இருக்கலாம்.

கடிக்காமல் இருக்க நாயின் வாயில் மாட்டும் வாய்க்கூட்டைக் குட்டியிலேயே பழக்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டாம், அதில் நாயால் வாய் திறந்து மூச்சிரைக்க முடியாது. கூடை வடிவில் இருப்பதை வாங்கி, உள்ளே தின்பண்டம் வைத்து, அதுவாகவே மூக்கை நுழைக்கும்வரை பொறுத்திருங்கள். கூட்டின் வாரை மாட்டுவது அதற்கும் சில நாள் கழித்துத்தான்.