எக்ஸ்ரே சிதறல்ல இருந்து துகளோட சைஸ் எப்படி வருது?

நானோ துகள் இருக்கற கரைசல் வழியா எக்ஸ்ரே கதிரை விட்டா ரொம்ப கொஞ்சம்தான் சிதறும், அதுவும் சின்ன கோணத்துல. பின்னாடி இருக்கற டிடெக்டர்ல விழறது துகளோட போட்டோ இல்ல, நடுவுல பளிச்னு ஆரம்பிச்சு வெளிய போகப்போக மங்கற வட்டம் வட்டமான ஒரு பேட்டர்ன், அவ்ளோதான். இதுல இருந்து "ஆரம் 5 நானோமீட்டர்"னு சொல்றதுக்குள்ள நடக்கற கணக்கு மொத்தமும் சாஃப்ட்வேர்தான் பண்ணுது.

முதல்ல வட்டங்களை ஒரே கோட்டு வரைபடமா (graph) மாத்தணும். சென்டர் எங்க, டிடெக்டர் எவ்ளோ தூரம், எவ்ளோ சாஞ்சிருக்குன்னு தெரியணும்ல, அதுக்கு சில்வர் பெஹனேட்னு ஒரு பொடி வச்சு அளப்பாங்க, அதோட அடுக்கு இடைவெளி 5.838 நானோமீட்டர்னு ஏற்கனவே தெரியும், அதனால வளையம் எங்க விழணும்னு கணக்கு போட்டுடலாம். அப்புறம் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிதறல் கோணத்தையும் அலைநீளத்தையும் சேர்த்து கியூங்கற மதிப்பு குடுத்து, ஒரே கியூ உள்ள பிக்சலையெல்லாம் சராசரி எடுக்கணும். பிரான்ஸ்ல கிரனோபிள்ல இருக்கற சிங்க்ரோட்ரான்ல (ரொம்ப சக்தியான எக்ஸ்ரே தர்ற ஆய்வுக்கூடம்) உருவான பைஃபாய்ங்கற (pyFAI) சாஃப்ட்வேர் இதைத்தான் செய்யுது. ஒரு பிக்சல் ரெண்டு கியூ கட்டத்துக்கு நடுவுல விழுந்தா பரப்பளவுக்கு ஏத்த மாதிரி ரெண்டுக்கும் பங்கு பிரிச்சுக் குடுக்கும், எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது. சிதறாம நேரா வர்ற கதிரைத் தடுக்க வைக்கற பீம்ஸ்டாப்போட நிழலு, செத்த பிக்சலு எல்லாம் மாஸ்க் போட்டு ஒதுக்கிடணும்.

வெறும் கரைப்பானோட சிதறலைக் கழிச்சதும் மாடல் ஃபிட்டிங், அதாவது துகளோட வடிவத்தை ஊகிச்சு அதோட கணக்கு கோட்டோட பொருந்துதான்னு பாக்கறது. இதுக்கு சாஸ்வியூன்னு (SasView) ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அமெரிக்காவுல அரசு நிதியில ஆரம்பிச்சது, இப்ப பல நாட்டு லேப்கள் சேர்ந்து பாத்துக்கறாங்க. துகள் உருண்டையா இருந்தா கோட்டுல முதல் பள்ளம் கியூவையும் ஆரத்தையும் பெருக்கினா 4.493 வர்ற இடத்துல விழும். பள்ளம் கியூ 0.9ல (1/நானோமீட்டர் அளவுல) இருந்தா ஆரம் கிட்டத்தட்ட 5 நானோமீட்டர், அவ்ளோ சிம்பிள். ஆனா துகளெல்லாம் ஒரே சைஸ்ல இருக்காது, சைஸ் பரவல் அதிகமானா பள்ளமே மழுங்கிடும், அப்ப மொத்த கோட்டையும் வச்சுதான் ஃபிட் பண்ணணும்.

இங்கதான் சிக்கலே. டிடெக்டர் கதிரோட பலத்தை (intensity) மட்டும்தான் பதிவு பண்ணுது, அலை ஏற்ற இறக்கத்துல எந்த நிலையில வந்துச்சுங்கற தகவல் (phase) காணாம போயிடுது, அதனால ஒரே கோட்டுக்கு ரெண்டு மூணு மாடல் கச்சிதமா பொருந்தலாம். எதை எப்படி கழிச்சாங்க, பரவலுக்கு எந்த சூத்திரம் போட்டாங்கங்கறதைப் பொறுத்து விடையே மாறும். சாஃப்ட்வேரோட சோர்ஸ் கோட் (source code) எல்லாரும் பாக்கற மாதிரி திறந்திருந்தா அந்த சூத்திரத்தை நேரா போய் படிச்சுப் பாக்கலாம், மூடின சாஃப்ட்வேர்ல வெறும் நம்பர்தான் கிடைக்கும். இருந்தாலும் மாஸ்க் ஃபைலும் வெர்ஷன் நம்பரும் ரா டேட்டாவோட சேர்த்துக் குடுக்கணும், இல்லன்னா இன்னொருத்தர் அதே சாஃப்ட்வேர்ல ஓட்டினாலும் வேற நம்பர் வரலாம்.