கதிர்வீச்சுச் சோதனை: "மாற்றம் எதுவும் இல்லை" என்று எழுதும் முன்

இந்த மாதமும் அதே மாதிரி ஒரு ரிப்போர்ட் மேசைக்கு வந்துவிட்டது. சின்னச் செயற்கைக்கோள், துடிப்பான குழு, வண்ண வண்ண கிராஃப்கள். விண்வெளிக் கதிரைத் தாங்குமா என்று பார்க்க, காமா கதிர் வீசும் கோபால்ட்-60 அறையில் ஐசிகளுக்கு 30 கிலோராட் டோஸ் (ராட் என்பது வாங்கிய கதிரின் அலகு) கொடுத்திருக்கிறார்கள். முடிந்ததும் கவரில் போட்டுத் தங்கள் லேபுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். இடையில் வேறு வேலை வந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து போர்டில் சொருகிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில்: "மாற்றம் எதுவும் இல்லை. பாஸ்."

மாற்றம் இருந்தது ஐயா. நீங்கள் பார்க்கப் போவதற்குள் அது கிளம்பிப் போய்விட்டது.

கதிர் பட்ட சேதம் கல்வெட்டு மாதிரி அப்படியே நிற்கும், எப்போது வேண்டுமானாலும் போய்ப் படித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. நன்றாகப் படித்தவர்களிடம், வேலையில் கெட்டிக்காரர்களிடம்கூட இது இருக்கிறது. ஐசிக்குள் இருக்கும் மாஸ் டிரான்சிஸ்டரின் ஆக்சைடு காப்புப் படலத்தில் சிக்கிய மின்னேற்றம், கதிர் நின்ற நிமிடத்திலிருந்தே கசியத் தொடங்குகிறது. யாரும் சூடேற்ற வேண்டியதில்லை, அறை வெப்பநிலையே போதும். மணிக்கணக்கில் கொஞ்சம், நாள்கணக்கில் இன்னும் கொஞ்சம். அறையை விட்டு வெளியே வந்தபோது கசிவு மின்னோட்டம் கன்னாபின்னாவென்று ஏறியிருந்த ஐசி, மூன்று வாரத்தில் ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கும். இதனால்தான் அமெரிக்க ராணுவத்தின் சோதனை விதிமுறையான மில் ஸ்டாண்டர்ட் 883-இன் 1019ஆம் சோதனை முறை, கதிர் நின்ற 1 மணி நேரத்துக்குள் அளவீட்டைத் தொடங்கச் சொல்கிறது. அடுத்த கட்ட டோஸுக்கு 2 மணி நேரத்துக்குள் திரும்பச் சொல்கிறது. இது ஏதோ அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

"விண்வெளியிலும் இப்படி ஆறத்தானே சார் செய்யும்?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஆறும். ஆனால் அங்கே ஒரு பக்கம் ஆற ஆற, மறுபக்கம் அடியும் விழுந்துகொண்டே இருக்கும். அதோடு எல்லாச் சேதமும் ஆறுகிற ஜாதி கிடையாது. சிலிக்கானும் ஆக்சைடும் சேரும் எல்லையில் உருவாகும், மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் பொறிகள் மெதுவாகத்தான் வளரும். சிக்கிய மின்னேற்றம் கசிந்த பிறகுதான் அவற்றின் கைவரிசை வெளியே தெரியும். அதைப் பிடிப்பதற்கென்றே அதே விதிமுறையில் 100 டிகிரி செல்சியஸில் 168 மணி நேரம், பயஸ் (ஐசியின் கால்களுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம்) கொடுத்து வைத்துப் பார்க்கும் தனிச் சோதனை உண்டு. ஆறவிடுவதில் குற்றம் இல்லை. எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலையில், பயஸ் இருந்ததா இல்லையா என்று எதுவும் தெரியாமல் ஆறவிட்டு, அதற்கு "பாஸ்" போடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பயஸ் என்றதும் நினைவு வருகிறது. பாதிக் குழுக்கள் ஐசிகளை வெறுமனே நுரைப்பஞ்சில் குத்திக் கொண்டுவருகின்றன. மின்னழுத்தம் இல்லாமல் கதிர் வாங்கும் ஐசியும், சுற்றில் ஓடிக்கொண்டே வாங்கும் ஐசியும் ஒரே மாதிரி கெடுவதில்லை. எது மோசமான நிலை என்பது ஐசிக்கு ஐசி மாறும். பயஸ் போர்டு செய்ய நேரமில்லை என்றால் சோதனைக்கும் நேரமில்லை என்றே அர்த்தம்.

டோஸ் கொடுக்கும் வேகத்தில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. வழக்கமான வேகம் வினாடிக்கு 50 முதல் 300 ராட். 100 ராட் வேகத்தில் 30 கிலோராட் 5 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆப்-ஆம்ப், கம்பேரேட்டர், வோல்டேஜ் ரெகுலேட்டர் மாதிரியான பைபோலார் லீனியர் ஐசிகள் சிலவற்றுக்கு, அதே 30 கிலோராடை மெதுவாகக் கொடுத்தால் சேதம் கூடுதல். குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், நடப்பது தலைகீழ். அவற்றுக்கு வினாடிக்கு 0.01 ராட் என்று விதிமுறையே தனி வழி வைத்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 30 கிலோராடுக்கு 35 நாள். 35 நாள் என்றதும் முகம் சுருங்குகிறது, "5 நிமிஷத்தில் தரமாட்டீர்களா?" என்கிறார்கள். தரலாம். அது வேறொரு கேள்விக்கான பதிலாக இருக்கும், அவ்வளவுதான்.

கதிர் மூலத்தின் வலிமையையும் கேட்டு வாங்குங்கள். கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு, அதாவது மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. போன வருடச் சான்றிதழை வைத்து இந்த வருட டோஸைக் கணக்கிட்டால் 12 சதவீதம் காலி.

கருவி பேசாமல் இருந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் புதிதல்ல. 1958 ஜனவரி 31 அன்று ஏவிய அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்ப்ளோரர்-1இல், கதிர்த் துகள்களை எண்ணும் ஒரு கைகர் கவுன்டர் இருந்தது. தாழ்வாகப் பறந்தபோது எதிர்பார்த்த எண்ணிக்கை வந்தது, உயரே போனால் பூஜ்யம். ஜேம்ஸ் வான் ஆலனின் குழு அதைப் பார்த்து "மேலே சுத்தமாக இருக்கிறது" என்று எழுதிவிடவில்லை. குழுவில் இருந்த கார்ல் மெக்இல்வெய்ன், அதே ரகக் கவுன்டரை எக்ஸ்ரே இயந்திரத்தின் முன்னால் வைத்துப் பார்த்தார். கதிர் அளவுக்கு மீறினால், ஒரு துடிப்பிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்து விழுந்து, கவுன்டர் எண்ணுவதையே நிறுத்திவிடுகிறது என்று தெரிந்தது. மார்ச்சில் போன எக்ஸ்ப்ளோரர்-3 முழுச் சுற்றுக்கும் பதிவு தந்தபோது படம் தெளிந்தது. பூமியைச் சுற்றி இருக்கும், இன்று வான் ஆலன் வளையங்கள் என்று நாம் சொல்லும் கதிர் வளையங்கள் அந்தப் பூஜ்யத்தைச் சந்தேகித்ததால் கிடைத்தவை. கவுன்டர் வைத்து அனுப்புகிறவர்கள் அது எத்தனை எண்ணிக்கையில் திணறும் என்பதை லேபிலேயே பார்த்துவிட்டு அனுப்புங்கள். ராட்ஃபெட் (டோஸ் அளக்கும் டிரான்சிஸ்டர்) வைக்கிறவர்கள் பக்கத்திலேயே ஒரு வெப்பநிலை சென்சாரும் வையுங்கள். இல்லாவிட்டால் பூமியின் நிழலுக்குள் போய்க் குளிர்ந்து வரும் ஒவ்வொரு சுற்றையும் டோஸ் என்று படித்துக்கொண்டிருப்பீர்கள்.

பொருள் பக்கம் வந்தால் கதை இன்னும் மோசம். வெப்பக் கட்டுப்பாட்டுக்கு அடிக்கும் துத்தநாக ஆக்சைடு வெள்ளை பெயின்டை வெற்றிடத்தில் வைத்துப் புற ஊதா ஒளி காட்டினால், அகச்சிவப்புப் பகுதியில் அதன் ஒளி உறிஞ்சல் ஏறும். அறையைத் திறந்து காற்றை உள்ளே விடுங்கள், ஆக்சிஜன் பட்டதும் அந்தச் சேதம் வெளுத்துவிடும். சாம்பிளை வெளியே எடுத்து, நடந்துபோய், பக்கத்து அறை ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைக்கிற நேரம் தாராளமாகப் போதும். 1960களிலேயே இதைக் கண்டுபிடித்து, வெற்றிடம் கலையாமல் உள்ளேயே அளக்க வேண்டும் என்று ஆயிற்று. இன்றும் "வெளியே எடுத்து அளந்தோம், உறிஞ்சல் மாறவில்லை" என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். விண்வெளியில் உங்கள் பெயின்டுக்கு யார் போய்க் காற்றுத் திறந்துவிடப் போகிறார்கள்? அங்கே வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய ரேடியேட்டர் சூடாகிக்கொண்டேதான் போகும்.

கண்ணால் பார்த்து முடிவு செய்கிறவர்களுக்கு, பொருள்களை விண்வெளியில் வைத்துப் பார்க்க நாசா அனுப்பிய எல்.டி.இ.எஃப் ஒரு நல்ல பாடம். 1984 ஏப்ரலில் சேலஞ்சர் விண்கலம் கொண்டுபோய் விட்ட அந்தப் பெரிய சாம்பிள் கூடு, ஒரு வருடத்தில் திரும்ப வேண்டியது. 1990 ஜனவரியில்தான் கொலம்பியா அதை மீட்டு வந்தது. ஏ276 என்ற வெள்ளை பெயின்ட் அதன் பின்பக்கத்தில் பழுப்பேறிக் கிடந்தது. பயணத் திசையைப் பார்த்த முன்பக்கத்தில் பளிச்சென்று வெள்ளை. முன்பக்கம் தப்பித்தது என்றா நினைக்கிறீர்கள்? அங்கேதான் அணு ஆக்சிஜன் (அந்த உயரத்தில் தனி அணுவாகத் திரியும் ஆக்சிஜன்), நிறமியைப் பிடித்துவைக்கும் பைண்டர் கருத்துப்போனதும் அதை அவ்வப்போது அரித்துத் தின்றுகொண்டிருந்தது. வெள்ளையாக மிஞ்சியது, பிடிமானம் இழந்த நிறமித் தூள். நிறம் மாறவில்லை என்பது உண்மைதான், பெயின்டே போய்க்கொண்டிருந்தது என்பதும் உண்மைதான்.

அணு ஆக்சிஜன் அளவைக் கணிக்க காப்டன் என்ற பிளாஸ்டிக் படலத்தை எடை போடுவது பழைய, நம்பகமான வழி. ஒரு ஆக்சிஜன் அணுவுக்கு 3.0×10⁻²⁴ கன செ.மீ. தேயும் என்று கணக்கு. சதுர செ.மீ.க்கு 10²¹ அணு விழுந்தால் 30 மைக்ரான் போய்விடும்; எல்.டி.இ.எஃப்-இன் முன்பக்கம் வாங்கியது ஏறத்தாழ 9 மடங்கு. ஆனால் காப்டன் ஈரத்தை உறிஞ்சும். 25 மைக்ரான் தடிமனும் 2.5 செ.மீ. விட்டமும் உள்ள வட்டத் துண்டு சுமார் 17 மி.கி. இருக்கும். அதில் 1 சதவீத ஈரம் என்றால் 0.17 மி.கி., அதாவது கால் மைக்ரான் தேய்மானத்துக்குச் சமம். வறண்ட நாளில் முதல் எடையும் மழை நாளில் இரண்டாம் எடையும் எடுத்தால், சின்னத் தேய்மானத்தை ஈரமே மூடி மறைத்துவிடும். "எடை குறையவில்லை, பொருள் தாங்குகிறது" என்று அதற்கும் ஒரு பாஸ். இரண்டு முறையும் எடைக்கு முன் வெற்றிடத்தில் நாள்கணக்கில் உலர்த்துங்கள். எடுத்த உடனே தராசில் வையுங்கள், எடுத்ததிலிருந்து எத்தனை நிமிடத்தில் எடை பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். சும்மா கைக்கடிகாரம் போதும் இதற்கு.

படலத்தை கோபால்ட் அறையில் வைத்து டோஸ் கொடுத்துவிட்டு "விண்வெளிக் கதிரைத் தாங்கும்" என்கிறவர்களுக்கு ஒரே வரி: காமா கதிர் படலம் முழுக்க ஒரே சீராக ஊடுருவும், விண்வெளியின் தாழ் ஆற்றல் புரோட்டான்கள் மேல்தோல் சில மைக்ரானிலேயே மொத்தத்தையும் இறக்கிவிடும்.

அந்தத் தாழ் ஆற்றல் புரோட்டான்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி 1999 ஜூலையில் போனது. செப்டம்பரில் அதன் கேமராவில் ஒளியை உணரும் 10 சிசிடி சில்லுகளில், முன்பக்கம் ஒளி வாங்கும் 8 சில்லுகள் தரம் குறைந்திருந்தன. எக்ஸ்ரேயைக் குவிக்க வைத்த கண்ணாடிகளே, கதிர் வளையத்தைக் கடக்கும்போது தாழ் ஆற்றல் புரோட்டான்களையும் சிதறடித்துச் சில்லுகளின் மேல் இறக்கியிருந்தன. மெல்லிய தகடே தடுத்துவிடக்கூடிய துகள்கள் அவை; வாசல் வழியாக வந்தன. அதற்குப் பிறகு வளையத்தைக் கடக்கும் நேரமெல்லாம் கேமராவைக் குவியத்திலிருந்து நகர்த்தி வைக்கிறார்கள். "ஈயத் தகடு ஒட்டிவிட்டோம் சார்" என்று வருகிறவர்களே, முதலில் உங்கள் பெட்டியில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்று பாருங்கள்.

ஒற்றை அயனி தாக்கி லாட்ச்-அப் ஆவதை (ஐசிக்குள் மின்னோட்டம் கட்டுமீறி ஏறி நிற்பதை) பற்றி இங்கே எழுதப் போவதில்லை. 30 கிலோராட் தாங்கிய ஐசி ஒரே ஒரு கன அயனியில் எரியலாம் என்பது தெரியாமல் இதுவரை படித்து வந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சோதனைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அளக்கும் கருவியை அறைக்குப் பக்கத்திலேயே கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், உலர் பனியில் வைத்து எடுத்துப் போகும் வழியும் அதே விதிமுறையில் இருக்கிறது. ஐசியின் கால்களை ஒன்றோடொன்று குறுக்குச்சுற்று செய்து எடுத்துப் போங்கள். கதிர் நின்ற நேரம், அளக்கத் தொடங்கிய நேரம், வெப்பநிலை, பயஸ் என்று நான்கு கட்டம் போட்ட தாளில் அப்போதே எழுதுங்கள். இரவு விடுதிக்குப் போய் நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். பயந்து ரிப்போர்ட்டை அழகுபடுத்தவும் வேண்டாம். கெட்டுப்போன ஐசிக்கு நாங்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அதைத் தேடித்தானே இந்த அறையே கட்டியிருக்கிறோம்.

கதிர் படாத ஜோடி சாம்பிளும் கூடவே வர வேண்டும்: அதே லாட், அதே கவர், அதே பயணம். ஐசி என்றால் குறைந்தது இரண்டு, படலம் என்றால் அதே ரோலில் வெட்டியது. அதை வீட்டில் விட்டுவிட்டு வந்தால், எந்த மாற்றம் கதிரால் வந்தது, எது கையாண்டதால் வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.