காலில் கட்டிய சீட்டு

தோல் தொழில் நடக்கும் பேரணாம்பட்டில் வளர்ந்தவனுக்குத் தோல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அதன் வாசனைதான். என் தாத்தா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை பார்த்தவர். பச்சைத் தோல் உப்புப் போட்டு வந்து இறங்கும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து முடியைக் களைவார்கள், உட்புறச் சதையைச் சீவுவார்கள். அப்புறம் அது ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் கிடக்கும். பட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், தோலின் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பிடித்து ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. அப்படிக் கட்டுப்பட்ட இழையைக் கிருமிகளால் லேசில் தின்ன முடியாது. அதனால்தான் பதனிட்ட தோல் அழுகுவதில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனபோது இதெல்லாம் நினைவுக்கு வந்தது. விலங்கியல் பகுதியில் ஒரு மாணவி கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று, “சார், இது நிஜமா, பொம்மையா?” என்றாள்.

இரண்டும்தான். பாடம் செய்த விலங்கில் வெளித்தோல் நிஜம், கண் கண்ணாடி, உள்ளே இருப்பது விலங்கின் அளவுக்குச் செய்த உருவம். தோலைப் பதப்படுத்துவது ஏறக்குறைய எங்கள் ஊர் வேலையேதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தோல் ஷாப்பில் முடி போக வேண்டும், இங்கே ஒரு முடிகூட உதிரக் கூடாது. அதனால் சுண்ணாம்பு பக்கத்திலேயே வரக் கூடாது. உப்பு, மென்மையான அமிலம், படிகாரம் போன்றவற்றைக் கொண்டு நிதானமாகச் செய்வார்கள்.

தோல் குடோனில் வேலை செய்தவர்களுக்குப் பழக்கமான இன்னொரு ஆளும் அருங்காட்சியகத்தில் உண்டு. காய்ந்த தோலை அரித்துத் தின்னும் கருநிறத் தோல் வண்டுதான் அது. வியாபாரிக்கு அது சத்துரு. எலும்புக்கூடு தயாரிக்கும் ஆய்வகத்துக்கோ அது கெட்டிக்கார வேலையாள். சதையை ஓரளவு நீக்கிய உடலை வண்டும் புழுவும் நிறைந்த பெட்டிக்குள் வைத்துவிட்டால், கத்தி நுழையாத இடுக்கில் ஒட்டியிருக்கும் சதையைக்கூடத் தின்றுவிட்டு எலும்பை மட்டும் விட்டுவைக்கும். வௌவாலின் விரல் எலும்பு போன்ற மெல்லிய எலும்புகூட உடையாது. அதே வண்டு சேமிப்பறைக்குள் புகுந்தால் நூறாண்டுச் சேகரிப்பையும் தின்று தீர்த்துவிடும் என்பதால், வண்டுப் பெட்டியைத் தனி அறையில் காவல் போட்டதுபோல வைத்திருப்பார்கள்.

இவ்வளவும் கண்காட்சிக்காக என்று நினைத்தால் பாதிதான் சரி. பெரிய அருங்காட்சியகங்களில் நம் கண்ணில் படுவது மிகச் சிறிய பங்கு. மீதியெல்லாம் உள்ளே இழுப்பறைகளில் இருக்கிறது. அங்கே பறவைகள் கிளையில் உட்கார்ந்திருக்காது. பஞ்சு அடைத்து மல்லாத்திப் படுக்க வைத்திருப்பார்கள், கண்ணிலும் பஞ்சுதான். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு நூலால் கட்டியிருக்கும்: எந்த ஊர், எந்த நாள், யார் எடுத்தது. அந்தச் சீட்டு அறுந்து தொலைந்தால் அது வெறும் இறகு மூட்டை.

சீட்டு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2017-ல் அமெரிக்காவில் இருவர், சிகாகோ முதலிய ஊர்களின் சேகரிப்பிலிருந்து 1,300-க்கும் மேற்பட்ட பறவைகளை எடுத்துப் படம் பிடித்து, மார்பு இறகு எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று அளந்தார்கள். புகைக்கரி படிந்த இறகு கறுத்து, குறைந்த வெளிச்சத்தையே திருப்பி அனுப்பும். பறவை ஆண்டுதோறும் இறகை மாற்றிக்கொள்கிறது. ஆகவே ஓர் இறகில் படிந்த கரி, ஏறக்குறைய அந்த ஆண்டுக் காற்றின் கரி. சீட்டில் தேதி இருந்ததால், காற்றை அளக்கும் கருவிகள் வராத காலத்தின் புகையையும் சேர்த்து 135 ஆண்டுக் கணக்கு கிடைத்துவிட்டது. பறவைகளைச் சேகரித்தவர்கள் யாரும் கரியை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு கதை நம் பக்கத்துக் கதை. ஆந்திர முட்புதர்க் காடுகளில், இரவில் நடமாடும் ஜெர்டன்ஸ் கோர்சர் என்ற பறவை உண்டு. தெலுங்கில் கலிவி கோடி. 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால் அழிந்தே போய்விட்டதென்று முடிவுகட்டியிருந்தார்கள். 1986-ல் கடப்பா பக்கம் மறுபடி கண்டார்கள். ஆனால் அதன் முட்டை எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிறகு ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில், இழுப்பறை ஒன்றில் கிடந்த ஒரு முட்டை கவனத்துக்கு வந்தது. 1917-ல் கோலார் தங்கவயலில் எடுத்தது! எங்கள் வட ஆர்க்காட்டுக் குடும்பங்கள் எத்தனையோ பிழைக்கப் போன அதே தங்கவயல். முட்டையின் உட்சவ்விலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். இங்கிலாந்துச் சேகரிப்பில் இருந்த பழைய பறவையின் கால்விரல் தோலில் துளி வெட்டி, அதன் டிஎன்ஏவோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. 2013-ல் உலகத்துக்குத் தெரிந்தது. முட்டையை எடுத்தவர் காலத்தில் டிஎன்ஏ சோதனை என்ற ஒன்றே கிடையாது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதாது, செய்து பார்க்க வைக்க வேண்டும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டார்வின் மையத்தில் 2009-ல் திறந்த பகுதியில், ஆய்வாளர்கள் வேலை செய்வதைக் கண்ணாடி வழியே மக்கள் பார்க்க வழி செய்திருந்தார்கள். நம் ஊர் அருங்காட்சியகங்களிலும் ஓர் அறை, ஒரு மேசை இப்படித் திறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பள்ளியில் எங்களால் முடிந்தது செடிகள்தான். ஏரிக்கரையில் ஆவாரங்கிளையைப் பூவும் காயுமாக வெட்டி வந்து, செய்தித்தாள் மடிப்பில் விரித்தோம். ஓர் இலையை மட்டும் திருப்பிப் போட்டோம், அப்போதுதான் அடிப்பக்கமும் தெரியும். மேலே செங்கல் பாரம். தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு வாரத்தில் கிளை காய்ந்தது, பூவின் பளீர் மஞ்சள் மங்கிவிட்டது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரச் சேகரிப்பிலும் அடிப்படை முறை இதுதான்.

சீட்டு எழுதும் வேலையைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிய அதே மாணவியிடம் கொடுத்தேன். செடியின் பெயர், ஏரிக்கரை, தேதி, தன் பெயர், ‘பூ நல்ல மஞ்சள்’ என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘இலைக்காம்பில் எறும்பு வரிசை.’ சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். ஆவாரையின் சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே தேன் சுரக்கும் சின்னச் சுரப்பிகள் உண்டு, எறும்பு அதற்குத்தான் வரும். “இதை அடிச்சிடட்டா சார்?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். காய்ந்த கிளையில் அந்த எறும்புகள் இல்லை. இனி அவை இருப்பது அந்தச் சீட்டில் மட்டும்தான்.